டயரிக்காரரின் தோல் உறை

அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் ஒருவரும் உதட்டைப் பிதுக்குவார்களே தவிர வழி சொல்ல மாட்டார்கள். டயரிக்காரர் என்று கேட்டால் மூலைக்கடைக்காரரே கூட வந்து விட்டுவிட்டுப் போவார். தொழில் என்னவோ முடிவெட்டுவதுதான். இரண்டு நாற்காலி போட்ட சின்ன சலூன். கத்திரிக்கோல் வாங்கித் தராத பேரைச் சட்டைப் பையில் கிடந்த கையகல டயரி அவருக்கு வாங்கித் தந்திருந்தது.

காலையில் சலூன். மதியத்துக்கு மேல், படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீடுகள். இடுப்பு முறிந்தவர்கள், கைகால் விழுந்தவர்கள், இன்றோ நாளையோ என்று கிடப்பவர்கள். மோவாய்க்குக் கீழே துண்டை விரித்து, தொங்கிப்போன கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, வெந்நீர் ஆறுவதற்குள் சவரத்தை முடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கைபேசி வைத்துக்கொள்ளவில்லை. சலூனில் ஒரு பழைய தொலைபேசி இருந்தது. யார் கூப்பிட்டுத் தேதி கேட்டாலும் டயரியைப் பிரித்துப் பென்சிலால் எழுதிவிடுவார். ஈரக் கைக்கு மை ஊறும், பென்சில் ஊறாது.

வீடுகளுக்குப் போகத் தொடங்கிய புதிதில் ஒரு கிழவரை மறந்துபோனார். அந்தக் கிழவர் அன்று முழுக்கச் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று மருமகள் பிற்பாடு சொன்னாள். அது அவரை உலுக்கிவிட்டது. அன்று மாலையே முதல் டயரியை வாங்கினார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம், எழுதிய நாளில் போகாமல் இருந்ததில்லை. அதைச் சொல்லிக்காட்டாமலும் இருந்ததில்லை. மனிதரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான். "எழுதினா வருவேன். வரலைன்னா, நீங்க சொல்லலைன்னு அர்த்தம்" என்பார். முடிந்த டயரிகளைத் தகரப் பெட்டியில் வருட வாரியாக அடுக்கி வைத்திருக்கும் கதையைக் கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார்.

டயரி வருடா வருடம் மாறும், உறை மாறாது. பதினோரு வருடமாக ஒரே தோல் உறை. விளிம்பில் தையல் விட்டு, உள்பக்கத்துப் பை பிளந்து, சோப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து விறைத்துப்போயிருந்தது. "அது உறையா, எலி தின்ன செருப்பா?" என்று அவர் மனைவி கேட்காத வாரம் இல்லை. நவம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, சலூனுக்கு விடுமுறை நாள், அடுத்த வருடத்து டயரியை வாங்கின கையோடு கடைத்தெருவில் மாடியில் இருந்த தோல் சாமான் கடைக்கு ஏறினார்.

கடையில் ஒரு பெண் இருந்தாள். நீளமான கண்ணாடி மேசை மேல் ஐந்து உறைகளைப் பரப்பினாள்.

"பையில வைக்கவா சார், மேசையில வைக்கவா?"

"பையில. ஒரு கையால திறக்க வரணும். இன்னொரு கையில சீப்பு இருக்கும்."

அவள் ஒரு கறுப்பு உறையை முன்னால் தள்ளினாள். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"இது ரெக்சின். தோல்னு சொல்லாதீங்கம்மா. முப்பது வருஷமா கத்தி தீட்டற வாரோட குடும்பம் நடத்தறவன் நான்."

அவள் சிரித்துவிட்டாள். அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. மாட்டுத்தோல் உறையை வளைத்துப் பார்த்து, இது பையைக் கிழிக்கும் என்றார். பொத்தான் வைத்ததைத் திறந்து மூடி, இந்தச் சத்தத்துக்குத் தூங்குகிற நோயாளி முழித்துக்கொள்வார் என்றார். பழுப்பு நிற ஆட்டுத்தோல் ஒன்றை நகத்தால் கீறி, கீறல் மறைகிறதா என்று கட்டைவிரலால் தேய்த்தார். மறைந்தது. பெண் பார்க்க வந்த மாமியார்கூட இவ்வளவு குற்றம் கண்டுபிடிக்க மாட்டாள். ஆனாலும் பழுப்பு உறை பிடித்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"டயரியைக் கொடுங்க சார், போட்டுப் பார்த்துடலாம்" என்றாள் அந்தப் பெண்.

பழைய உறையிலிருந்து டயரியின் அட்டைகளை உருவினாள். முன்பக்கம் சுலபமாக வந்தது. பின்பக்கத்தை உருவிய பிறகும் பைக்குள் ஏதோ தட்டுப்பட்டது போலிருக்கிறது. விரலை விட்டுத் துழாவினாள்.

"உள்ள ஒரு தாள் ஒட்டிக்கிட்டிருக்கு சார்."

கசங்காமல் எடுத்து மேசை மேல் வைத்தாள். டயரியின் கடைசியில் குறிப்பு எழுதவென்று கிழிக்கிற மாதிரி ஓரத்தில் துளை போட்டுச் சில தாள்கள் இருக்குமே, அதில் ஒன்று. கீழே சென்ற வருடத்தை அச்சடித்திருந்தது. மேலே அவருடைய பென்சில் எழுத்து: ஜனவரி 4, திங்கள், காலை 10. பரிசோதகர் வீடு. மகள் மாலை வருகிறாள்.

டயரிக்காரர் அதை ஒரு தடவை படித்தார். பிறகு டயரியில் ஜனவரி நாலாம் தேதியைப் புரட்டிப் பார்த்தார்.

டிசம்பர் மாதத்தில் அடுத்த ஜனவரிக்குத் தேதி கேட்பவர்களை அந்தக் கடைசித் தாள்களில்தான் குறித்துக்கொள்வார். வருடக் கடைசி நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் புது டயரிக்குப் பெயர்த்து எழுதுவார். அந்த டிசம்பரில் உறைக்குள்ளிருந்து நழுவிய பின்னட்டையை அவசரத்தில் திரும்பச் செருகியபோது, அட்டையோடு கடைசித் தாளும் பைக்குள் போயிருக்கிறது. பெயர்த்து எழுதும்போது அது கண்ணில் படவில்லை. பழைய டயரியை உருவியபோது துளை போட்ட ஓரத்தில் கிழிந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதன் மேலேயே புது டயரியைச் செருகியிருக்கிறார். பதினோரு மாதமாக அதை நெஞ்சோடு சேர்த்துச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார்.

பரிசோதகர் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் ஒரு நாள்கூடச் சவரம் செய்யாமல் வெளியே போகாத மனிதர். நுரையீரல் கெட்டுப் படுத்த பிறகு டயரிக்காரர்தான் கைகொடுத்து வந்தார். வெளிநாட்டில் இருந்த ஒரே மகள் ஆறு வருடம் கழித்து வருகிறாள் என்று பரிசோதகரின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்ல, விடுமுறை நாள் என்றாலும் பரவாயில்லை, வருகிறேன் என்று இவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். கிழவர் பத்து மணிக்கே கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தார். ஒரு மணிக்கு மனைவி சலூனுக்குக் கூப்பிட்டாள். பூட்டின சலூனில் தொலைபேசி அடித்து ஓய்ந்தது.

மாலையில் மகள் உள்ளே வந்தபோது, பத்து நாள் தாடியோடு இருந்த அப்பா போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். "போய்க் குளிச்சிட்டு வாம்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று போர்வைக்குள்ளிருந்தே சொன்னார். அன்று இரவே மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூச்சுக்கு முகமூடி வைத்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். மகள் அப்பாவின் முகத்தை முழுதாகப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

செத்தவருக்குச் சவரம் செய்ய டயரிக்காரர் வந்தார். "ஏன் தம்பி அன்னிக்கு வரலை?" என்று பரிசோதகரின் மனைவி கேட்டாள். அப்போது அவர் செய்த காரியம்தான் இப்போது கண் முன்னால் வந்து நின்றது. டயரியை எடுத்து, மகளுக்கும் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டினார். "பாருங்கம்மா, காலியா இருக்கு. சொல்லணும்னு நினைச்சிருப்பீங்க, சொல்லியிருக்க மாட்டீங்க." அவள், "சொன்னேனே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லலையோ" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை மகள் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று முடிவு செய்த பிறகு, எந்த வீட்டிலும் நடக்கிறதெல்லாம் சாட்சி சொல்ல வந்தது. பால் பொங்கியது சாட்சி. கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடியது சாட்சி. ஜூன் மாதம் வீட்டை விற்று, அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு மகள் திரும்பிப் போனாள். அந்த இல்லத்துக்குத்தான் டயரிக்காரர் ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் முடிவெட்டப் போகிறார்.

"முக்கியமான சீட்டா சார்?" என்று கடைப்பெண் கேட்டாள்.

"ஆமா."

"நல்லவேளை, கிடைச்சுது" என்று பழுப்பு உறையை நகர்த்தினாள். "இதையே போட்டுடவா?"

அவர் அந்த உறையின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தார். இரண்டு பக்கமும் அழகான ஆழமான பை.

"பையே இல்லாத உறை இருக்காம்மா?"

தேடி ஒன்றை எடுத்து வந்தாள். மடித்த ஒற்றைத் தோல், நடுவில் டயரியைப் பிடித்துக்கொள்ள ஒரு ரப்பர் நாடா, அவ்வளவுதான். தோலும் சுமார். "இதுல எதுவும் மாட்டிக்காது சார். விழுந்தா கீழதான் விழும்" என்றாள். அதையே வாங்கிக்கொண்டார். குற்றம் எதுவும் சொல்லவில்லை.

படி இறங்கும்போது ஒரு யோசனை வராமல் இல்லை. தாளைக் கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும்? இருபத்திரண்டு வருடத்துப் பேர் அப்படியே இருக்கும். அந்த யோசனை வந்ததற்கே அவருக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. பரிசோதகரின் மனைவியை அவள் புத்தியையே சந்தேகப்பட வைத்துவிட்டு, தான் மட்டும் நிமிர்ந்து நடந்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. நாளைக்குச் செவ்வாய்தான், போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். சொல்லிவிட்டால் அவள் பழையபடி ஆகிவிடுவாள் என்று நம்பினார்.

இல்லத்துக் கூடத்தில் வழக்கம்போல வரிசை. அவளைக் கடைசியாக வைத்துக்கொண்டார். மற்றவர்களை முடித்துவிட்டு அவளுடைய ஒன்பதாம் நம்பர் அறைக்குப் போனார். அங்கே மகள் ஒட்டிவிட்டுப் போன சீட்டுகள் இன்னும் இருந்தன: மாத்திரை, கண்ணாடி, குழாயை மூடு. எப்போதும் பின்னால் நின்று வேலை செய்கிறவர், அன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்து தாளை நீட்டினார்.

"போன டிசம்பர்ல நீங்க போன் பண்ணிச் சொன்னதும்மா. நான் எழுதியிருக்கேன். தாள் உறைக்குள்ள மாட்டிக்கிச்சு. நேத்துதான் கிடைச்சுது. நீங்க மறக்கலை. தப்பு என்னுது."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "சொன்னேனா?" என்றாள். அந்த ஒரு நொடி அவள் முதுகு நிமிர்ந்ததை அவர் பார்த்தார்.

"சொன்னீங்க. பத்து மணின்னு சொன்னீங்க. மக சாயங்காலம் வர்றான்னு சொன்னீங்க."

அவள் மறுபடி படித்தாள். பிறகு தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"நீங்க நல்ல மனுஷன் தம்பி."

"ஐயோ, இல்லம்மா."

"என் பொண்ணும் இப்படித்தான். நான் எதையாவது மறந்துட்டா, நீ சொன்னேம்மா, நான்தான் கவனிக்கலைன்னுவா. நான் வருத்தப்படக் கூடாதாம்."

"இது பொய் இல்லம்மா. கீழ பாருங்க, போன வருஷத்து டயரின்னு அச்சடிச்சே இருக்கு."

"பழைய டயரியெல்லாம் பெட்டியில அடுக்கி வெச்சிருக்கேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. எழுதினதும் பென்சில். எப்ப வேணா எழுதலாம்." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "இருபத்திரண்டு வருஷமா ஒரு நாள் தவறாத ஆள், எங்க வீட்டுக்குன்னு மட்டும் தவறுவீங்களா?"

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர் சொல்லிக்கொடுத்தது.

"உங்க மககிட்ட நானே பேசறேன்" என்றார்.

"எதுக்கு? வீட்டை வித்தாச்சு. இப்பதான் அவ கொஞ்சம் நிம்மதியா இருக்கா." அவள் துண்டைத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டாள். "வெட்டுங்க தம்பி. வெளிச்சம் போயிடும்."

அவர் எழுந்து அவள் பின்னால் போய் நின்றார். அவள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாமல் போனது அப்போதைக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. முடி குறைவு, பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவள் பிடரியைத் துடைத்துவிட்டு டயரியை எடுத்தார்.

"உறை புதுசா?" என்று தடவிப் பார்த்தாள். "நல்லா இருக்கு. அடுத்து எப்ப?"

"டிசம்பர் பதினாலு. செவ்வாய்."

"எழுதிக்குங்க. நான் சொன்னேன்னு நம்பாதீங்க, எனக்கு ஞாபகம் நிக்காது."

எழுதினார். அவள் மடியிலிருந்த தாளை எடுத்து நீட்டினாள்.

"இதையும் வெச்சுக்குங்க. எனக்கெதுக்கு, தொலைச்சிடுவேன்."

வாங்கிக்கொண்டார். புது உறையில் அதை வைப்பதற்கு ஒரு பை இல்லை. பேருந்து நிறுத்தம் வரைக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார்.