ஆறு இதயங்களும் ஒரு கசிவும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரைக் குழாய் அக்கா என்போம். மயக்க மருந்து கொடுத்த எலியின் இதயத்தை எடுத்து, கண்ணாடிக் குழாயில் நூலால் கட்டி, வெதுவெதுப்பான உப்புநீரை ஓடவிட்டு, உடம்பே இல்லாமல் அதைத் துடிக்க வைப்பார். முடிச்சு இரண்டு நிமிடம் தாமதித்தால் இதயம் வீண். பத்தொன்பது வருடங்களில் அவர் வீணாக்கியவற்றைக் கைவிரலில் எண்ணிவிடலாம். என்ன கை அது! எனக்குப் பட்டம் கிடைப்பதே அந்தக் கையால்தான் என்று தெரிந்தும், அவரிடம் எரிந்து விழுவேன். எனக்கு மூக்கின்மேல் கோபம்.

இதயத்துக்குப் போகும் ஓட்டத்தை அரைமணி நேரம் நிறுத்தித் திறந்தால், கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே புகுந்து தசையை இறுக்கிவிடும். அது நுழையும் வழியை அடைக்கிற மருந்தை, திறக்கும்போது மட்டும் கொடுத்தால் போதுமா? இதுதான் என் ஆய்வு. ஆறு இதயங்களுக்குக் கொடுத்தோம். ஆறும் ஜோராகத் துடித்தன. நான் துள்ளிக் குதித்தேன். ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு வாரம்தான் இருந்தது.

அப்போதுதான் அக்கா என் தலையில் கல்லைப் போட்டார்.

"மருந்துக் குழாயைக் கழுவும்போது பாத்தேன்மா. மூடினாலும் சொட்டுது. ஓட்டத்தை நிறுத்துறதுக்கு முன்னாடியே மருந்து உள்ள போயிருக்கு. அதான் ஆறும் பிழைச்சிருக்கு."

"விளையாடாதீங்கக்கா. ரெண்டு சொட்டு என்ன பண்ணிடும்?"

"அளந்துட்டேன். நிமிஷத்துக்குப் பதினோரு சொட்டு. மாட்டினது நான், தப்பு என்னோடது. சார்கிட்டயும் அப்படியே சொல்லிடறேன்."

சார் என்றது எங்கள் பேராசிரியரை. வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். பிறகு கத்தினேன். "என் நாலு வருஷம்க்கா! வாயைத் திறக்காம இருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "எங்க வீட்டுக்காரர், உங்க மாமாவும் இந்த மருந்தைத்தான் சாப்பிடறார். தினமும் போடுங்கன்னா, நெஞ்சு வலிச்சாப் போட்டுக்கறேன்னு அடம். நீ ஜெயிச்சத நான்தான் பெருமையா வீட்ல போய்ச் சொன்னேன். 'பாத்தியா, அப்புறம் போட்டாலே போதும்'னு நாலு நாளா மனுஷன் மாத்திரையத் தொடல."



"இப்ப சொல்லிப் பாத்தீங்களா?"

"என் பேச்சு எங்க எடுபடுது? 'படிச்ச பொண்ணு சொன்னது தப்பாகுமா'ங்கறார்." கைப்பேசியில் எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினார். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அந்த நிதானத்துக்கே அவரைக் கும்பிடலாம்.

"மாமா, நான்தான். எங்க சோதனை தப்பாப் போச்சு. அதை நம்பாதீங்க. டாக்டர் சொன்னபடி தினமும் போடுங்க."

"அப்போ உன் பட்டம் என்னம்மா ஆகும்?"

"மொதல்லேர்ந்து செய்யணும் மாமா."

மறுமுனையில் மாத்திரை அட்டையைப் பிரிக்கும் சத்தம். பிறகு, தம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.