கல்யாணம் முடக்கி ராஜபாயும் ஜங்ஷன் டிரான்ஸ்பார்மரும்

புதுக்கடை ஊரில் ராஜபாய் முடக்கிய கல்யாணங்களெல்லாம் நடந்திருந்தால், பிறந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தரையில் இடம் போதாமல் கடலுக்கு மேலேதான் பள்ளிக்கூடம் கட்டியிருக்க வேண்டும். வரன் விசாரிக்க வருகிறவர்களை வழியிலேயே மறித்து, வெற்றிலை மெல்லுகிற நேரத்துக்குள் மாப்பிள்ளைக்கு இல்லாத வலிப்பை வரவழைத்துவிடுவாள். அவள் கணவன் நேசையனோ வாயில்லாப் பூச்சி. மின்வாரியத்தில் ஒப்பந்தத்தில் லைன் வேலை பார்க்கிறவன். நிரந்தரமாகும் என்று காத்திருந்தே தலை நரைத்தவன்.

இந்த மழைக்காலத்தில், வாரியத்தைக் கம்பெனிக்கு விற்கப் போகிறார்கள் என்று சந்தையில் ஒரு பேச்சு கிளம்பியது. கம்பெனி வந்தால் ஒப்பந்த ஆட்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்களாம். ராஜபாய்க்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் காலையில் காரில் வந்த இரண்டு பேர் ஜங்ஷன் டிரான்ஸ்பார்மர் பக்கம் நின்று படம் பிடித்தார்கள். அவளுக்குப் பொறி தட்டியது. வாரியத்தை வாங்க வந்த கம்பெனிக்காரர்கள்! இதுவும் பெண் பார்க்க வந்த கூட்டமேதான். முடக்கிவிட வேண்டியதுதான்!

தூறலுக்குக் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கிட்டப் போனாள்.

"சாறே, இதையா வாங்கப் போறிய? வேண்டாம், கேட்டேளா. காத்தடிச்சா இது பேய் கணக்கா அலறும். போஸ்டு எல்லாம் உள்ள பொத்து, வெறும் ஓட்டை. கம்பி தாந்து கெடக்குத கெடையில நாங்க துணி காயப் போடுதோம்."

"லைன் பாக்க ஆள் இல்லையாம்மா?" என்றார் மூத்தவர்.

"ஒருத்தன் உண்டு. தூத்தல் விழுந்தா கட்டில விட்டு எறங்கமாட்டான். கரண்டுன்னா அவனுக்குப் பேடி, கம்பியத் தொடவே பயம்."

"நாங்க வாங்க வரலம்மா. வாரியத்து ஆளுங்கதான். எந்த லைனை முதல்ல மாத்தணும்னு பாக்க வந்தோம். அந்த ஆள் பேர் என்ன?"

ராஜபாய் குடையை இன்னும் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். தன் வீட்டையே முடக்கிவிட்டாளே!

"ஏட்டி, எனக்க பேரைச் சொல்லேன்!" என்று மேலிருந்து குரல் வந்தது.

குடை சரிந்தது. கம்பத்தின் உச்சியில், கம்பியில் விழுந்த தென்னை ஓலையை எடுத்துக்கொண்டு, நனைந்த கோழியாக நேசையன்.

மூத்தவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மழையில வேலை செய்யிறாரேன்னு இவரைத்தான் படம் எடுத்துக்கிட்டிருந்தோம். விக்கிற பேச்செல்லாம் எங்க காதுக்கு வரல. இங்க புதுக் கம்பம் நடணும், இவரை மாதிரி ஆள் வேணும்."

திரும்பும்போது நேசையன் கேட்டான்: "எனக்குப் பேடியா, ஏட்டி?"

"பேசாம நடயும். சம்பந்தம் நல்லபடியா முடிஞ்சுதுல்லா?"

அன்று மத்தியானம், ஒரு கல்யாணப் பந்திக்குப் போதுமான சோற்றை ராஜபாய் ஒருத்தியே தின்று தீர்த்தாள்.