அறுபத்து மூன்றாவது பெயர்

அன்று எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் அம்மா, என் தங்கை. எதிரே அவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, அவருடைய அப்பா, தாய்மாமன். துணி காயப்போடும் சாக்கில் எட்டிப் பார்த்த மாடி வீட்டு அம்மாவைச் சேர்க்கவில்லை.

மாப்பிள்ளை வானியல் ஆராய்ச்சியாளர். கொட்டாம்பட்டிப் பக்கம் நிலக்கடலை பயிரிடுகிற குடும்பம். வேலை நிரந்தரமில்லை, ரெண்டு வருட ஒப்பந்தம். தரகர் இதைச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அப்பா இறந்ததும் எட்டாம் வகுப்போடு நின்று, மதுரை காளவாசலில் கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் அடிக்கிற கடையில் சேர்ந்தவன் நான். தங்கையைப் படிக்க வைத்தது ஒன்றுதான் நான் செய்த உருப்படியான காரியம். அவளை ஒரு டுபாக்கூரிடம் கொடுத்துவிடக் கூடாதே என்கிற பயம்.

தாய்மாமன் ஒரு ஃபைலை விரித்தார். "தம்பி, எங்க பய கட்டுரைய எம்புட்டுப் பேரு மேற்கோள் காட்டியிருக்காக தெரியுமா? இந்தா, இது ஒண்ணுக்கு மட்டும் ஆயிரத்துச் சொச்சம்!"

வாங்கிப் பார்த்தேன். தலைப்புக்குக் கீழே பக்கம் முழுக்கப் பெயர்கள். விரல் வைத்து எண்ணினேன். அவர் பெயர் அறுபத்து மூன்றாவது.

பத்திரிகை அடிக்கிறவனுக்குப் பெயர் வரிசையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். பெரியப்பா பெயருக்கு மேலே சித்தப்பா பெயர் வந்துவிட்டது என்று ஐந்நூறு பத்திரிகையைத் திரும்ப அடித்திருக்கிறேன். அறுபத்து மூன்றாவது இடம் யாருக்கு? போடாவிட்டால் கோபித்துக்கொள்கிற, போட்டால் பந்திக்கு மட்டும் வருகிற ஆளுக்கு.

"என்ன, பேரு இம்புட்டுக் கீழ கெடக்கு?"

"அது இங்கிலீசு எழுத்து வரிசை" என்றார் மாப்பிள்ளை.

"சரி. இந்த ஆயிரம் பேரும் உங்களச் சொல்லியிருக்காக. நீங்களும் அவுகளச் சொல்லுவீகளோ?"

"தேவைப்பட்டா சொல்லுவோம்."

"அப்ப மொய்தான். நீ எனக்குச் செய், நான் ஒனக்குச் செய்றேன்."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாப்பிள்ளை சிரித்தார். "அப்படிச் செய்றவங்களும் இருக்காங்க மச்சான். தனக்குத்தானே மொய் எழுதிக்கிறவங்களும் உண்டு."

நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் மச்சானா? திருட்டை இத்தனை சாதாரணமாகச் சொல்கிறவரை எப்படி நம்புவது? அவர்கள் காபி குடிக்கையில் அந்தப் பக்கத்தை செல்போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் கடையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்தாவது பெயரிலிருந்துதான் எழுத்து வரிசை. முதல் நாலு பெயரும் தாறுமாறாக இருந்தன. மாட்டினார் என்று உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"எழுத்து வரிசைன்னீக. மொத நாலு பேரு அப்படி இல்லையே?"

"அவங்கதான் கட்டுரைய எழுதுனவங்க மச்சான். மத்தவங்கதான் எழுத்து வரிசை."

"அப்ப நீங்க எழுதல."

"இல்ல."

"பின்ன என்னதான் செஞ்சீக?"

"தொலைநோக்கி எடுத்த படத்துல புள்ளி புள்ளியா அழுக்கு விழுந்திருக்கும். எது அழுக்கு, எது நட்சத்திரம்னு பிரிச்சுக் குடுத்தேன். நான் மட்டும் தனியா எழுதுனதும் ஒண்ணு ஃபைல்ல இருக்கு. அத பதினோரு பேருதான் சொல்லியிருக்காங்க. மாமா அத அடியில சொருகிட்டாரு."

செத்துப்போனவர்களின் பழைய போட்டோவில் கறை எடுப்பது என் அன்றாட வேலை. எது கறை, எது மச்சம் என்று தெரியாமல் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்பேன். ஒருமுறை ஓர் அம்மாளின் மச்சத்தை அழித்துவிட்டு, மகன் வந்து கத்தியதும் நடந்திருக்கிறது.

"அழுக்குன்னு நெனச்சு நட்சத்திரத்த எடுத்திருக்கீகளா?"

"ஒரு தடவ. யாரும் கண்டுபிடிக்கல, நானாத்தான் சொன்னேன். ஏழு மாச வேல திரும்ப."

போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லி, "சந்தேகம் முழுசாப் போகலத்தா" என்றேன்.

"ஒனக்கு என்னைக்குண்ணே போயிருக்கு? பால்காரர் முன்னாடியே பால மோந்து பாக்குற ஆளு நீ. எனக்கு அவரப் பிடிச்சிருக்கு."

"ஒப்பந்தம் முடிஞ்சு வேல போச்சுன்னா?"

"நான் வேலைக்குப் போறேன்ல? தல்லாகுளத்து மண்டபத்துல அம்மா கேட்டுட்டு வந்துச்சு. ஆவணியில ஒரே ஒரு நாள்தான் காலியா இருக்காம். நாளைக்கு முன்பணம் கட்டலன்னா அதுவும் போயிரும். கட்டுறதும் கட்டாததும் ஒன் இஷ்டம்."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காலையில் மண்டபத்துக்குப் போய் முன்பணத்தைக் கட்டினேன். ரசீதில் மேனேஜர் கையெழுத்து கிறுக்கலாகத் தெரிந்தது. அடியில் இன்னொரு தடவை போடச் சொன்னேன். முறைத்துக்கொண்டே போட்டார். வாடகை அறுபதாயிரம், முன்பணம் பதினைந்தாயிரம். பாக்கி நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்.