மாப்பிள்ளை இல்லாத படங்கள்

அந்தப் பத்திர எழுத்தருக்குப் பதிவு அலுவலக வட்டாரத்தில் 'ஷரத்துக்காரர்' என்று பெயர். வீடு விற்பவர், வாங்குபவர், பாகம் பிரிப்பவர், உறவை முறிப்பவர் என்று யார் வந்து எதிரே உட்கார்ந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நாளைக்கு எதிராளி வாக்கு மாறினா என்ன செய்வீங்க?" வந்தவர் திருதிருவென்று விழிப்பார். உடனே இவர் பேனாவைத் திறந்து அதற்கு ஒரு ஷரத்து எழுதுவார். மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு ஷரத்து, சாவி தொலைந்தால் பூட்டை யார் மாற்றுவது என்பதற்கு இன்னொன்று. முப்பத்தாறு வருஷமாக இதே வேலை. தான் எழுதிய பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடிக்க ஒருவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று சொல்லிக்கொள்வார். யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் அதற்கும் ஒரு ஷரத்து போட்டுவிடுவாரோ என்ற பயம்.

மனுஷன் கெட்டவரில்லை, நாக்குதான் கெட்டது. அந்த நாக்கில் அதிகம் அடிபட்டவன் அவருடைய மாப்பிள்ளை. ஒரே மகள் என்பதால் மாப்பிள்ளை இவர்கள் வீட்டுக்கே வந்து இருந்தான். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒருநாள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். பதினான்கு மாதம் வீட்டில் இருந்தான். அதே சமயத்தில்தான் ஷரத்துக்காரரின் மனைவிக்கு நோய் கண்டது. மகளுக்குக் காலை ஏழு மணி ஷிஃப்ட். இவருக்கு அலுவலகம். ஆக, அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது, வாந்தி எடுத்தால் பாத்திரம் பிடித்தது, முடி கொட்டிய தலையணையைத் தட்டிப் போட்டது எல்லாம் மாப்பிள்ளைதான். அதைப் பார்த்துக்கொண்டே இவர் தினமும் செருப்பை மாட்டியபடி காற்றைப் பார்த்துச் சொல்வார்: "வீடுன்னா அப்படித்தான். சில பேர் வேலைக்குப் போகணும், சில பேர் வீட்ல ஃபேனுக்குக் காவல் இருக்கணும்."

ஆஸ்பத்திரிக்கு இவர் போனதே இரண்டு தடவை. இரண்டு தடவையும் மருந்துச் சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கீழே மருந்துக்கடைக்கு இறங்கிவிட்டார். வரிசை நீளமாக இருந்தது அவருக்கு நிம்மதியாக இருந்தது. மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குப் பயம். அதைப் பயம் என்று சொல்லிக்கொள்ளத் தைரியம் இல்லாததால் வேலை என்று சொல்லிக்கொண்டார்.

பதினோரு மாதத்தில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், மாப்பிள்ளை இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோது, அந்த நாக்கு தன் வேலையைக் காட்டியது. "பாத்துக்க வேண்டிய ஆளும் போயாச்சு. இனிமே உங்களுக்கு இங்க என்ன வேலை?" மாப்பிள்ளை தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஒரே ஒரு பையோடு இறங்கிப் போனான். மாமனார் கூப்பிடுவார் என்று அவன் காத்திருந்தான். அவனே வருவான் என்று இவர் காத்திருந்தார். அப்பா கூப்பிடட்டும் என்று மகள் காத்திருந்தாள். மூன்றும் ரோஷத்தில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. ஒரு வருஷம் காத்திருந்து முறித்துக்கொண்டார்கள். முறிவுப் பத்திரத்தை வேறு யாரிடமும் கொடுக்காமல் ஷரத்துக்காரரே எழுதினார்.

அதில் ஏழாவது ஷரத்து அவருக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு தரப்பார் மறு தரப்பாரையோ அவர் குடும்பத்தாரையோ காட்டும் எந்தப் புகைப்படத்தையும் போனிலோ கம்ப்யூட்டரிலோ வேறெங்குமோ வைத்திருக்கக் கூடாது, சாட்சிகள் முன் அழித்துவிட வேண்டும். மாப்பிள்ளை வக்கீல் அறையிலேயே உட்கார்ந்து தன் பங்கை அழித்தான். இவர்கள் பங்கை அழிக்க இவருக்கு நேரமில்லை. எழுதுகிறவர்மேல் ஷரத்து பாயாது என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு வருஷம் அப்படியே கிடந்தது.

கிடந்தது டிவியில் வந்து நின்றது. மாப்பிள்ளை அந்த வீட்டில் இருந்த காலத்தில் வீட்டுப் படங்கள் முப்பத்தோராயிரத்தையும் ஒரே இடத்தில் சேர்த்து, ஹால் டிவி ஐந்து நிமிஷம் சும்மா இருந்தால் ஒவ்வொன்றாகக் காட்டும்படி செய்து வைத்திருந்தான். இப்போது மகளுக்கு இரண்டாம் கல்யாணம் பேசுகிறார்கள். வரப்போகிற சம்பந்தியம்மாள் முதல் தடவையாக வந்து சோபாவில் உட்கார்ந்தாள். டிவி சும்மாதான் இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மகளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, சுவர் முழுக்கப் பல்லைக் காட்டினான் பழைய மாப்பிள்ளை. ஒரு படத்துக்கு எட்டு விநாடி. ரிமோட் கிடைப்பதற்குள் ஐந்து படம் ஓடிவிட்டது, ஐந்திலும் அவன்.

சம்பந்தியம்மாள் பெருந்தன்மையாகச் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. அவர்கள் போனதும் அப்பாவிடம் சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி வர்றாங்க. அதுக்குள்ள அந்தாள் படத்தையெல்லாம் எடுத்துருங்கப்பா. நானும் அவரும் சேந்து இருக்கிறது போனாப் போகட்டும். ஆனா அம்மா இருக்கிற படம் ஒண்ணுகூடப் போகக் கூடாது. புரியுதா?"

"எங்கிட்டயா சொல்ற?" என்றார் ஷரத்துக்காரர்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். படங்களை நிர்வகிக்கும் மென்பொருளில் 'முகங்கள்' என்று ஒரு பக்கம் இருந்தது. ஒரு முகத்துக்குப் பெயர் கொடுத்தால் போதும், அதே முகம் இருக்கும் படங்களையெல்லாம் தேடிச் சேர்த்துவிடும். சந்தேகம் வந்தால் கேட்கும்: இவரும் அவரும் ஒருவரா? ஆம், இல்லை. அரை மணி நேரத்தில் ஷரத்துக்காரருக்கு அதன்மேல் பிரியமே வந்துவிட்டது. வழவழா கொழகொழா இல்லை. கேள்வி, பதில், முடிந்தது. நம்ம ஆள் என்று சொல்லிக்கொண்டு தேநீர் போட்டு எடுத்து வந்தார். மகள், மனைவி, மாப்பிள்ளை, தான் என்று நான்கு பெயரை எழுதினார். தான் இருந்த படங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

பதினொரு மணி வாக்கில் மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது. இடது பக்கம் நீண்ட பின்னலோடு பால்கனியில் நிற்கும் அவர் மனைவி. வலது பக்கம் ஒரு மெலிந்த முகம். புருவம் இல்லை. தலையில் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட், அது மூக்குவரை இறங்கியிருக்க, எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பு. இவரும் அவரும் ஒருவரா?

தெரியாமல் அழுத்தினார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தெரிந்துதான் 'இல்லை' என்று அழுத்தினார். அந்த முகம் அந்தத் திரையில் இன்னொரு விநாடி இருக்கக் கூடாது என்று அழுத்தினார். மறுபடி கேட்டது. கம்பளித் தொப்பி, கையில் சீட்டுக்கட்டு. இல்லை. மூக்கில் குழாய், இரண்டு விரலை விரித்துக் காட்டுகிறாள். இல்லை. இப்படி ஆறு தடவை. அதன்பிறகு மென்பொருள் கேட்பதை விட்டுவிட்டது. 'பெயரிடப்படாதவர், 418 படங்கள்' என்று ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தது. ஷரத்துக்காரர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

பிறகு நிபந்தனையை எழுதினார். மாப்பிள்ளை இருக்க வேண்டும், மனைவி இருக்கக் கூடாது: அந்தப் படங்களை அழி. இருவரும் இருந்தால் வைத்துக்கொள், அவனை மட்டும் பிறகு வெட்டிவிடலாம். ஓட்டை இல்லாத நிபந்தனை. 2,306 படங்கள் குட்டிக் குட்டிச் சதுரமாக வந்து நின்றன. கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள் என்று முப்பத்தாறு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் அதைப் படித்துப் பார்க்கவில்லை. எல்லாச் சதுரத்திலும் அவன் முகம். எதற்குப் பார்ப்பது? இங்கே அழித்தால் டிவி, போன் எல்லா இடத்திலும் அழிந்துவிடும் என்று மென்பொருள் எச்சரித்தது. அதுதானே வேண்டும் என்றார். குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது.

சாயங்காலம் மகள் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "முடிஞ்சிதாப்பா?" என்றாள்.

"சுத்தமா."

அவள் போனை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்கு அம்மாவின் ஒரு படத்தை அனுப்ப வேண்டுமாம். தேடினாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். "அந்த ஹெல்மெட் போட்டோ எங்கப்பா?"

"அதுல... அவன் இருந்தானா?"

"எல்லாத்துலயும்தான் இருப்பாரு. அம்மா தனியா நிக்கவே மாட்டாங்களே. 'இந்தத் தலையோட என்னத் தனியா எடுக்காத, நீயும் வா'ன்னு இழுத்து வச்சுக்குவாங்க. அவர்தான் கைய நீட்டி எடுப்பாரு. எடுத்துக் கொடுக்க வேற யாரு இருந்தா?" சொல்லிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள். "அப்பா. அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போனதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லையே."

அவர் கம்ப்யூட்டரிடம் போனார். மூலையில் இருந்த பெயரிடப்படாதவரைத் தேடினார். அவன் முகம் விழாத நான்கு படம் மட்டும் இருந்தது. நான்கிலும் அவள் முகம் மங்கலாக அசைந்திருந்தது. குப்பைத்தொட்டியைத் திறந்தார். எதுவும் இல்லை என்றது. நடந்ததை மகளிடம் சொன்னார். 'இல்லை' என்று ஆறு தடவை அழுத்தியதை மட்டும் சொல்லவில்லை. மென்பொருளுக்கு அடையாளம் தெரியவில்லை என்றார்.

"அதுக்குத் தெரியல சரி. உங்களுக்குத் தெரியலையா?" என்றாள் மகள். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மதியம் அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டு பழைய மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"சொல்லுங்க சார்."

மாமா, சாராகி இருந்தார். அதை விழுங்கிக்கொண்டு, மனைவியின் கடைசிப் படங்கள் ஏதாவது அவனிடம் இருக்குமா என்று கேட்டார். இருந்தால் அனுப்ப முடியுமா என்று கேட்டார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத குரல் நடுநடுவே உடைந்தது.

"ஏழாவது ஷரத்து சார்," என்றான் அவன். குத்திக் காட்டுகிற குரலில்கூட இல்லை. "வக்கீல் ரூம்ல நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. அத்தையோட ஒரே ஒரு படம் மட்டும் வச்சுக்கட்டுமான்னு உங்களக் கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

"விதிவிலக்கு வச்சா ஷரத்துக்கு மரியாதை இல்லன்னு சொன்னீங்க. அதனால அழிச்சிட்டேன். பொய் சொல்லிட்டு ஒண்ண ஒளிச்சு வச்சிருக்கலாம். தோணல."

"தப்புதான்," என்றார் ஷரத்துக்காரர்.

"எனக்குப் படம் வேணாம் சார், கூடவே இருந்தேன். கண்ண மூடினா அப்படியே நிக்கறாங்க. பாவம், உங்களுக்குத்தான் கஷ்டம்." வைத்துவிட்டான்.

அவன் திட்டியிருந்தால் இவர் பதிலுக்குத் திட்டியிருப்பார், மனசும் ஆறியிருக்கும். அந்தப் 'பாவ'த்தைத் திருப்பித் திட்ட வழியில்லை. ஒரு கிரயப் பத்திரத்தை மூன்று தடவை தப்பாக எழுதிக் கிழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாளும் மகனும் அவனுடைய அக்காவும் வந்தார்கள். டிவி இந்தத் தடவை ஒழுங்காக நடந்துகொண்டது. பள்ளிக்கூடச் சீருடையில் மகள், பால்கனியில் மனைவி, கடற்கரையில் மனைவி, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு மனைவி. சம்பந்தியம்மாள் ரசித்துப் பார்த்தாள்.

"உங்க வீட்டம்மா எவ்வளவு லட்சணமா இருந்திருக்காங்க. கடைசி வரைக்கும் முகத்துல ஒரு வாட்டம்கூட இல்ல. படுக்கைல விழாமப் போயிட்டாங்க போல?"

ஷரத்துக்காரர் டிவியைப் பார்த்தார். அது சரியென்றுதான் சொன்னது. "ஆமாங்க," என்றார். "திடீர்னுதான்."

தேநீர்த் தட்டோடு வந்த மகள் அதை மேஜைமேல் வைத்தாள். ஒவ்வொரு கோப்பையாக எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இல்லீங்க. பதினோரு மாசம் படுத்துக் கெடந்தாங்க. முடியெல்லாம் போயிடுச்சு. என் மொத வீட்டுக்காரர்தான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, சிரிக்க வச்சுப் பாத்துக்கிட்டாரு."

சம்பந்தியம்மாள் எடுத்த கோப்பையைத் திரும்ப வைத்தாள். "அப்படியா," என்றாள். "அப்ப எடுத்த படம் எதுவும் இல்லையாம்மா?"

"நானூத்திச் சொச்சம் இருந்துது," என்றாள் மகள். "அப்பாவக் கேளுங்க."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். ஷரத்துக்காரர் கோப்பையைக் கையில் பிடித்தபடி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட பின்னலோடு அவர் மனைவி எட்டு விநாடி சிரித்துவிட்டுப் போனாள்.