சத்தமில்லாத காரும் மட்டக்களப்பு பஸ்ஸும்

சாய்ந்தமருதில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். காப்புறுதி, வரிப்பத்திரம், டயர், பெட்ரோல் என்று அது தின்றுகொண்டே இருந்தது. என் புடவைக் கடைக்கு வரும் ஒருவர் அதைப் ‘பால் தராத மாடு’ என்பார். ஆனாலும் விற்க மனம் வரவில்லை. மனைவிக்கு மாதம் ஒருமுறை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். திகதி தவறினால் பார்வை மங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மனைவியின் தங்கை கணவர், என் சகலன், மின்சாரக் கார் விற்கும் கொம்பனியொன்றுக்கு ஏஜன்டானார். வெள்ளைக் காரொன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். வயதில் மூத்த என்னை அவர் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவார்.

“மூணு நாளைக்கு வெச்சி ஓடிப் பாருங்க காக்கா. புடிச்சா மாத்திக்கலாம். உங்கட கார நான் கொண்டு போய் விலை பாக்கிறன்.”

“பழுதானா எங்க காட்டுற?”

“இது பழுதாகாது.”

“கடக்காத்து பட்டாலுமா?”

“செஞ்சவங்க எல்லாம் யோசிச்சிருப்பாங்க.”

எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியையே அரித்துத் தள்ளும் காற்று அது. யோசித்தவர்கள் எந்தக் கடலோரத்தில் இருந்து யோசித்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது. மூன்று நாளைக்கு எந்த வியாபாரியும் எதையும் சும்மா தரமாட்டான். நானும் வியாபாரிதானே.

எங்கள் தெருவில் காரை யார் கேட்டாலும் இல்லை என்பதில்லை. எடுப்பவர் பெட்ரோல் ஊற்றித் திருப்பிக் கொடுப்பார். அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு மச்சான் வந்தார். சாகாமத்து வயலில் அவருக்கு வேளாண்மை வெட்டு, நெல் அறுவடை. சுறுக்கா வந்துவிடுவதாகச் சொன்னார். விடிந்தால் ஊசித் திகதி. அதைச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன்.

அவர் வந்தது விடியற்காலை சுபஹ் தொழுகை முடிந்த பிறகு. கையில் ஒரு போத்தல் பெட்ரோல்.

“எங்க ஊத்துறண்டு தேடித் தேடிப் பாத்தன் மச்சான். வாயக் காணல்ல.”

திரையைப் பார்த்தேன். சார்ஜ் அடியில் கிடந்தது. மட்டக்களப்பு இருக்கட்டும், கல்முனையைத் தாண்டுவதே சந்தேகம். இனிச் சார்ஜ் ஏற்றுவதென்றால் மணிக்கணக்காகும்.

“என்ன செஞ்சீங்க இத?”

“ஒண்டும் செய்யல்ல. வயல் வாடியில படுக்க ஏலாது, ஒரே நுளம்புக் கடி. காருக்குள்ள படுத்து ஏசியப் போட்டன். எஞ்சின் ஓடவே இல்லயே, பொறகென்ன செலவு?”

அவரைக் கோபிக்க முடியவில்லை. சகலன் அதை முழுதாகச் சார்ஜ் ஏற்றித்தான் தந்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

மனைவி கிளினிக் அட்டையுடன் படலையடிக்குப் போய்விட்டாள். “கார பொறகு பாருங்க. பஸ் போயிரும்.”

பஸ்ஸில் நிற்க இடமில்லை. “ராத்தாக்கு ஒரு சீற் குடுங்க, கண்ணுக்குப் போறா” என்று கண்டக்டர் கத்தி இடம் பிடித்துக் கொடுத்தார். களுவாஞ்சிகுடியில் பஸ் நின்றதும் கண்டக்டரை ஏறிட்டுப் பார்த்தேன். இனி டீ குடித்துவிட்டுத்தான் எடுப்பார்களோ?

“என்ன காக்கா அப்படிப் பாக்கிறீங்க? இண்டைக்கு டீ இல்ல,” என்று அவர் பெல் அடித்தார்.

ஆஸ்பத்திரியில் நம்பர் கொடுப்பதை நிறுத்தப் போன நேரம் போய்ச் சேர்ந்தோம். கடைசி நம்பர் கிடைத்தது. ஊசியும் போட்டாயிற்று.

வீடு திரும்பியபோது சகலன் கடதாசியோடு காத்திருந்தார். “காக்கா, உங்கட காருக்கு ஆளொண்டு சரிவந்திருக்கு. இதில ஒரு ஒப்பம் வெச்சா...”

ஒரு கண்ணில் கட்டோடு மனைவிதான் சொன்னாள். “முதல்ல எங்கட காரக் கொண்டாங்க தம்பி. மறுகா கதைப்பம்.”

பின்னேரம் அஸர் தொழுகை நேரம் எங்கள் கார் வந்தது. நாலு டயரும் என்னுடையவைதானா என்று குனிந்து பார்த்தேன்.

“என்ன காக்கா, என்னையே சந்தேகப்படுறீங்களா?”

“ஓம்,” என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உள்ளே மனைவி கிளினிக் அட்டையைக் கண்ணருகே பிடித்து, அடுத்த ஊசித் திகதிக்குக் கீழே கண்டக்டரிடம் கேட்டு வந்த பஸ் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.