ஓட்டை போட்ட எக்சோஸ்

ஐம்பதை நெருங்கும் ஒரு மனுஷன் வீட்டு வாசலில் உட்கார்ந்து தன் மோட்டார் சைக்கிள் சைலன்சரில் ஓட்டை போடுகிறான் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால், அவனுக்கு மண்டையில் ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். போட்டது நானே என்பதால் வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது.

காரணம் கடைப் பையன்கள். ஈப்போவில் தரை ஓடு விற்கும் ஒரு கடையில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். லோரியில் ஓடு ஏற்றி இறக்கும் பையன்களுக்கு என் வண்டியின் தையல் மிஷின் மாதிரியான மெல்லிய சத்தம் பெரிய வேடிக்கை. நான் வாசலில் நுழைந்ததும், "டைலர் வந்துட்டாரு லா!" என்று ஒருவன் கத்துவான். "அண்ணே, மிஷினுக்கு நூல் கோத்துட்டீங்களா?" என்று இன்னொருவன் கேட்பான். நானும் பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவேன். ஆனால் உள்ளே எரியும். நானும் ஒரு காலத்தில் தோட்டத்து மண் ரோட்டில் ஒரு கையை விட்டு ஓட்டியவன்தானே!

புது எக்சோஸ், அதாவது சைலன்சர், வாங்கலாம்தான். வாங்கினால் மனைவிக்குத் தெரியும், தெரிந்தால் ஒரு மாதத்துக்குச் சோற்றோடு சேர்த்து அதையும் பரிமாறுவாள். அதனால் இருக்கிறதையே மாற்றுவது என்று முடிவு செய்தேன். போனில் படம் பார்த்தேன். அதில் ஒருவன் பாட்டுப் பாடிக்கொண்டே சைலன்சரின் பின்பக்கத் தடுப்புத் தகட்டைத் துளைத்து, உள்ளே இருக்கும் குழாயைத் தட்டி வெளியே எடுத்துவிடுகிறான். ஏதோ பலாச்சுளை எடுப்பது போலத்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி கோயிலுக்குப் போன நேரத்தில் ஆரம்பித்தேன். எஞ்சினோடு சேரும் இடத்தில் இருந்த நட்டு துருப்பிடித்து, அசையமாட்டேன் என்று அடம்பிடித்தது. எண்ணெய் விட்டு, திட்டி, கெஞ்சி ஒருவழியாகக் கழற்றினேன். பிடிக்க ஆள் இல்லாததால், தேங்காய் துருவ உட்காருவது மாதிரி சைலன்சர் மேலேயே உட்கார்ந்துகொண்டு டிரில் பிடித்தேன். தகடு விட்டுக்கொடுத்த வேகத்தில் நான் ஒரு பக்கம், டிரில் ஒரு பக்கம். குழாயைக் கம்பியால் தட்டியபோது அதோடு சேர்ந்து வருஷக் கணக்கான கரி என் முகத்தில் வந்து கொட்டியது. மனைவி திரும்பி வந்து, வாசலில் இருந்த கரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் நீங்களே கழுவுங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஆனால் சத்தம்! அடடா, ஸ்டார்ட் செய்ததும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பக்கத்து வீட்டு நாய் கேட்டுக்குப் பின்னால் நின்று குரைக்க வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டது. வேகம் முன்னைவிடக் குறைந்திருந்தது, பெட்ரோலையும் கூடக் குடித்தது. அதெல்லாம் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். மறுநாள் கடையில் பையன்கள் கை தட்டினார்கள். அன்று முழுக்க என் நடையே வேறாக இருந்தது.

இங்கே என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பு முடித்துப் பரீட்சை எழுதிவிட்டு, மேற்படிப்புக்கு இடம் கிடைக்கக் காத்திருந்த காலத்தில் ஈப்போவில் ஒரு மருந்துக்கடையில் கல்லாவில் நின்றாள். காலையில் நான்தான் ஏற்றிக்கொண்டு போய் விடுவேன். எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து பெரிய ரோடு வரை, ஒரு காலத்தில் ரப்பர் இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டத்து வழிதான். வீட்டில் அவள் என்னிடம் அதிகம் பேசமாட்டாள். எது வேண்டுமானாலும் அம்மா வழியாகத்தான் வரும். மோட்டாரில் ஏறிவிட்டால் மட்டும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வாய் ஓயாது. கடைக்கு வந்த ஆள், மேனேஜரின் கோபம், இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் எல்லாம் வரும். அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவளிடம் சொன்னதில்லை. அப்பன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரோ எழுதி வைத்த மாதிரி வாழ்ந்துவிட்டேன்.

புது சத்தம் வந்த பிறகு அவள் பேசுவது காதில் விழவில்லை. தோளுக்குப் பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பு வரும். "கேட்கலம்மா" என்று சொன்னால் சத்தத்தைப் பற்றி அவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயம். அதனால் ஹெல்மெட்டை ஆட்டுவேன். "ஆமாம்மா," "சரிம்மா," "நல்லதும்மா" என்று மாற்றி மாற்றி எடுத்துவிடுவேன். மாடு கூட இவ்வளவு ஒழுங்காகத் தலையாட்டாது.

ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி எனக்கு இன்னொரு கரண்டி மீன் குழம்பு ஊற்றினாள். கேட்காமலே ஊற்றியதால் எனக்குச் சந்தேகம் வந்தது.

"புள்ளைக்கு சபாவுல இடம் கிடைச்சிருக்கு. நீங்க ஒரே வார்த்தையில சரின்னுட்டீங்களாமே? மோட்டார்ல வச்சுக் கேட்டாளாம். உடனே தலையாட்டிட்டீங்களாம்," என்றாள். "நான் என்ன பயந்தேன் தெரியுமா? வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பீங்கன்னு நெனச்சேன். முதல் தடவையா உங்களைப் பார்த்தா பெருமையா இருக்கு. பீடோர்ல இருக்கிற அக்காவுக்குக் கூட போன் போட்டுச் சொல்லிட்டேன்."

சபா! கடல் தாண்டி, விமானம் ஏறி! "என்ன படிப்பு?" என்று கேட்கவும் வழியில்லை. சம்மதம் சொன்னவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. நல்லவேளையாக அவளே, "மீன் வளர்ப்பாம்" என்றாள். மீன் வளர்க்க சபாவா? இங்கே பக்கத்துச் சித்தியவானில் இல்லாத மீனா? ஈப்போவிலேயே ஆசிரியர் பயிற்சி மக்தாப்பில் சேர்த்து டீச்சராக்கி, சாயங்காலம் சாயங்காலம் வீட்டுக்கு வரும் பிள்ளையாக வைத்துக்கொள்ளலாம் என்று நான் மனசுக்குள் எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தேன். ஆனால் இப்போது என்ன சொல்வது? பீடோர் வரைக்கும் நான் பரந்த மனசுக்காரன். குழம்பு நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாளே ஈப்போவில் பழைய சாமான் கடையில் ஒரு ஸ்டாண்டர்ட் எக்சோஸ் தேடி வாங்கி வந்து மாட்டினேன். என் திட்டம் மிகவும் கேவலமானது. வண்டி அமைதியானதும், வழியில் மெதுவாக, "அன்னைக்கு நீ கேட்டது அப்பாவுக்குக் காதுல விழலம்மா, நாம மறுபடி யோசிப்போம்" என்று ஆரம்பிப்பது. சத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துவிடலாம். குளிக்கும்போது ரெண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அதற்கு மறுநாள் காலையில் அவள் பின்னால் ஏறினாள். வண்டி பழையபடி மெல்லிய சத்தத்தோடு செம்பனைக்குள் போனது. நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் அவள் பேசினாள்.

"அப்பா, அன்னைக்கு நான் சபா பத்திச் சொன்னது உங்க காதுல விழலன்னு எனக்குத் தெரியும்."

நான் வேகத்தைக் குறைத்தேன்.

"எக்சோஸ் சத்தத்துல ஒண்ணும் விழாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். நேரா கேட்டா வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயம். நீங்க சும்மா தலையாட்டினீங்க. அதையே சரின்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அது ஏமாத்துற மாதிரி இருக்குப்பா. நேத்து ராத்திரி தூக்கமே வரல."

அப்புறம் சொன்னாள்: "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் போடணும். நான் இன்னும் போடல. இப்போ உங்களுக்குக் கேட்குது இல்ல? நான் போகட்டுமாப்பா? நீங்க வேணாம்னா போகல. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

நான் தேடிய சாக்கை அவளே என் கையில் கொடுத்துவிட்டாள். ஒரு வார்த்தை போதும். சாயங்காலம் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். பீடோர்க்காரர்களுக்கும் அவளே பதில் சொல்லிக்கொள்வாள். எனக்கு அவளை அனுப்ப மனசே இல்லை. இப்போது எழுதும்போதும் இல்லை. ஆனால் இப்படி என்னிடம் பயந்து, சத்தத்தில் ஒளிந்துகொண்டு கேட்டவள், அந்தப் பயத்தையும் தாண்டி மறுபடி வந்து கேட்கிறாள். இவளிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது?

"போயிட்டு வாம்மா," என்றேன்.

"என்னப்பா? கேட்கல."

குரல் ஹெல்மெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது போல. வண்டியை ஓரம் கட்டினேன். எஞ்சினை அணைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் என் கண்ணை அவள் பார்த்துவிடுவாள் என்று அதைத் தலையிலேயே விட்டுவிட்டு, "போயிட்டு வாம்மா!" என்று என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். அந்தப் பக்கம் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.