ஈடு வைத்த படம்

அந்த அட்டைக் குழாயை அவர் மேசையில் வைக்கவே இல்லை. டூட்டிங்கில் உள்ள என் பிரேம் கடைக்குள் முதன்முதலாக நுழைந்த அன்று, கைப்பிள்ளையைப்போல் அதை நெஞ்சோடு அணைத்தபடி, சுவரில் தொங்கிய, பூப்பெய்திய சிறுமிகளின் சாமத்தியவீட்டுப் படங்களையும் முருகனையும் மாதாவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்வையா அது! என் கடையில் நானே களவெடுக்க வந்தவன் போலாகிவிட்டது. உக்ரைனிலிருந்து வந்த பெண்மணி. அறுபது வயதிருக்கும், நகக்கண்களில் கறுப்பு மை. ஓவியம் தீட்டுவதும் அச்சுப்படம் எடுப்பதும் தன் தொழில் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். என் ஆங்கிலமும் அதே தரம் என்பதால் நன்றாகவே விளங்கியது.

குழாய்க்குள் இருந்தவை, செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, மை பூசி, ஈரத்தாளை மேலே வைத்து அழுத்தி எடுத்த படங்கள். கார்கிவ் நகரத்து மாடிப்படிகள், உருளைக்கிழங்குப் பையோடு மூச்சு வாங்க நிற்கும் பெண்கள், உடையாமலிருக்க நாடா ஒட்டிய ஜன்னல் கண்ணாடிகள். ஒரே படத்தில் நாலைந்து பிரதிகள், எல்லாவற்றிலும் கையெழுத்து. "ஒண்டையே நாலு பேருக்கு ஒரிஜினல் எண்டு விக்கிறா. சுத்துமாத்துப் போலக் கிடக்கு" என்றாள் என் மனைவி. எனக்கும் அதே சந்தேகம், கேட்டேவிட்டேன். ஓவியருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக மை பூசி, உள்ளங்கையால் துடைத்து எடுத்தேன், தகட்டைத் தொட்ட தாள் ஒவ்வொன்றும் அசல்தான் என்றார். பெரிய ஓவியங்கள் ஷெல்லடியில் போய்விட்டன. தகடுகள் அங்கே ஒரு நிலவறையில் கிடந்தன. தாள்களை மட்டும் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அவற்றுக்கு நான் பிரேம் போடும்போது எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தேநீர் கொடுத்தால் மணந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஒருநாள் ஒரு தாளைத் திருப்பினேன். பின்புறம் மூலையில் பென்சிலால் சின்ன அடையாளம். தாளை நான் மாற்றிவிடுவேனாம்! எனக்கு விசர்தான் வந்தது. ஆனால் குரோய்டனில் அகதியாகப் பதியப் போன அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழின் அசலைக் கேட்டபோது, கொப்பி போதாதா என்று மேசையைவிட்டு நகராமல் நின்றவன் நான். தாளைத் திருப்பி வைத்துவிட்டுக் கண்ணாடியை வெட்டினேன்.

போன பனிக்காலத்தில் ஒரு நாள், தகடுகளை எடுத்துவர ஊருக்குப் போகிறேன் என்று வந்தார். படங்களை விட்டுச்செல்ல என்னைத் தவிர வேறு ஆளில்லை. "நீங்கள் விற்றுவிட்டால்?" என்றார். விற்கமாட்டேன் என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். அப்போது அவர் கண் காசுப்பெட்டிக்கு மேலே தொங்கிய சின்னப் படத்துக்குப் போனது. அது என் தம்பி. எங்கள் ஊரில் சண்டை நடந்த காலத்தில் வீட்டைவிட்டுப் போனவன், திரும்பவில்லை, செத்துப்போனான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. தன் கையால் அவன் எனக்குத் தந்த படம் அது ஒன்றுதான். போனில் பிரதி இருக்கிறது, ஆனால் அவன் விரல் பட்டது இந்தத் தாளில்தானே. "அதைத் தாருங்கள். வந்ததும் மாற்றிக்கொள்வோம்" என்றார். ஏலாது என்றுதான் வாய்வரை வந்தது. இவ்வளவு சந்தேகிக்கிறாரே என்ற ரோசத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் கதவைத் தாண்டுமுன்னரே என் கண் வெறும் ஆணிக்குப் போனது.

கோடையும் போய்விட்டது. அவருக்கு எடுத்தால் போனில் மணி அடிப்பதுகூட இல்லை. சென்ற வாரம் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, அந்த அம்மாவின் படங்கள் இங்கே இருக்கின்றனவாமே, நல்ல விலை தருகிறேன் என்றார். யார் சொன்னது என்று கேட்டால் சிரிக்கிறார். அப்படி ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டேன். உள்ளேயிருந்து மனைவி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, அவ இருக்கிறாவோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்? குடுத்திருக்கலாமெல்லே?"

"ஏலாதப்பா. அவ வருவா."

"எப்பிடிச் சொல்லுறியள்?"

"தம்பி அவவோடை நிக்கிறானெல்லே."

தம்பி எங்கே நிற்கிறான் என்று இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் நான் ஒரு பதில் சொன்னேன்.